ஸ்த்ரோன்ஸ்கி எழுதிய மூன்று தலைப்புகள்

இரு உலகப் போர்களுக்கு நடுவே இருந்த போலந்துக் குடியரசைப் பற்றி எந்த நூலை எடுத்தாலும் மூன்று தொடர்கள் கண்ணில் படாமல் போவதில்லை. 1920 ஆகஸ்டில் வார்சாவின் வாசல்வரை வந்த செஞ்சேனை தோற்றுத் திரும்பியதற்குப் போலந்து மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘விஸ்துலா அற்புதம்’. 1922 டிசம்பரில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டதை எழுதுகிறவர்கள், அதற்குச் சற்று முன்னர் வெளிவந்த ‘தடை’ என்னும் பத்திரிகைக் கட்டுரையைச் சொல்லாமல் விடுவதில்லை. கொலைக்குப் பின் வந்த ‘இந்தச் சவப்பெட்டியின் அருகே குரலைத் தாழ்த்துங்கள்’ என்ற தலைப்போ, எழுதியவர் பெயர் மறந்துபோன பிறகும் போலிஷ் பேச்சில் புழங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து வந்தவை. அவர் ஸ்தானிஸ்வாவ் ஸ்த்ரோன்ஸ்கி. 1882இல், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கலீசியாவில், நிஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்தவர். தென்பிரான்சின் இடைக்காலக் கவிதையில் ஐரோப்பா மதித்த ஆய்வாளர். வார்சாவில் ‘ஷெச்போஸ்போலிதா’ நாளிதழின் ஆசிரியர். 1922 முதல் 1935 வரை தேசியவாத வலதுசாரி அணியின் நாடாளுமன்ற உறுப்பினர். மொழியியல் துறையினர் அவருடைய பதிப்புகளை அரசியல் தெரியாமல் படிக்கிறார்கள். அரசியல் வரலாற்றாளர்கள் அவருடைய ஆய்வை அரை வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை அவருக்குச் செய்யும் சலுகை என்று நான் கருதுகிறேன். அவருடைய அரசியல் எழுத்தை எடைபோட வேண்டிய படிக்கல் அவருடைய ஆய்வுக்குள்ளேயே கிடக்கிறது.

அந்த ஆய்வு என்ன செய்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஆக்சிதான் மொழியில் பாடிய துருபதூர் கவிகளின் பாடல்களோடு, கையெழுத்துப் படிகளில் இருவகை உரைநடைக் குறிப்புகளும் சேர்ந்து வந்தன. கவிஞரின் வாழ்க்கையைச் சில வரிகளில் சொல்லும் குறிப்புக்கு ‘விதா’ என்று பெயர். இன்ன பாடல் இன்ன காரணத்தால் பிறந்தது என்று சொல்லும் கதைக்கு ‘ராசோ’ என்று பெயர். ஒரு கவிஞர் எந்தச் சீமாட்டியைக் காதலித்தார், அவளுடைய கணவன் என்ன செய்தான், யார் யாரோடு பிணங்கினார்கள் என்பதெல்லாம் இவற்றில் சுவையாக வரும். பிற்காலத்து இலக்கிய வரலாறுகள் பலவும் இக்கதைகளை வரலாறாகவே எடுத்துக்கொண்டன. ஸ்த்ரோன்ஸ்கி இவற்றை நம்ப மறுத்தவர்களில் முக்கியமானவர். 1906இல் துலூஸில் எலியாஸ் த பார்ஜோல்ஸின் பாடல்களைப் பதிப்பித்தார். 1910இல் கிராக்கூவில் மார்செய் ஃபோல்கெயின் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார். 1914இல் பாரிஸில் பெர்த்ரான் த போர்னைச் சுற்றி எழுந்த காதல் கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய முறை எளியது, இரக்கமற்றது. கதையில் வரும் பெயர்களை எடுத்துக்கொள்வார். அக்காலத்து நிலப் பத்திரங்கள், கொடைச் சாசனங்கள், மடங்களின் ஆவணங்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுவார். யார் எப்போது உயிரோடு இருந்தார், யார் யாருக்கு மனைவி என்று தேதிவாரியாக அடுக்குவார். அப்படி அடுக்கியதும் பல கதைகள் சரிந்துவிடும். அவை நிகழ்ச்சியிலிருந்து பிறந்தவை அல்ல, பாடலில் வந்த ஒரு பெயரையோ ஒரு சாடையையோ பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் நூற்றவை என்பது தெரியவரும். சொல்லிலிருந்து கதை பிறக்கிறது, கதை நாளடைவில் நடந்த செய்தியாகிவிடுகிறது. இந்த வழியை ஸ்த்ரோன்ஸ்கி அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர்கள் அன்றைய ஐரோப்பாவில் மிகச் சிலரே.

அவர் தேர்ந்தெடுத்த இரு பெருங்கவிகளும் வெறும் காதல் கவிகள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெர்த்ரான் த போர்ன் ஒதஃபோர்ட் கோட்டைத் தலைவர். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவருடைய மகனைத் தூண்டிவிட்டவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. தாந்தே அவரை நரகத்தில் வெட்டுண்ட தலையைக் கையில் விளக்குப்போல் ஏந்தி நடக்க வைத்தார். தந்தையையும் மகனையும் பிரித்தவன் தன் தலையிலிருந்தே பிரிந்து நிற்கிறான் என்பது அந்தத் தண்டனையின் கணக்கு. ஃபோல்கெயின் வாழ்க்கை இன்னும் கனமானது. மார்செய் நகரத்து வணிகர், காதற்பாடல்களால் புகழ்பெற்றவர், ஒருநாள் குடும்பத்தோடு துறவு பூண்டு சிஸ்டர்சிய மடத்தில் சேர்ந்தார். லெ தொரொனே மடத்தின் தலைவரானார். பிறகு துலூஸ் நகரத்து ஆயராகி 1231இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அந்த ஆண்டுகளில்தான் தென்பிரான்சில் ‘மதப்புரட்டர்’களுக்கு எதிரான சிலுவைப்போர் நடந்தது. ஆயர் ஃபோல்கெ துலூஸுக்குள்ளேயே வெண்சகோதரக் கழகம் என்று ஓர் ஆயுதக் குழுவைக் கட்டினார். அதை எதிர்த்து நகரின் மறுபகுதியில் கருஞ்சகோதரக் கழகம் எழுந்தது. ஒரே ஊர் இரண்டு பட்டது. சிலுவைப்போரைப் பாடிய அக்காலத்துக் காவியத்தில், 1215ஆம் ஆண்டின் லாத்தரன் பேரவையில் ஃபுவா சிற்றரசர் எழுந்து, இந்த ஆயரின் பாட்டும் பேச்சும் கணக்கற்றோரின் உயிரைக் குடித்தன என்று குற்றம் சாட்டுவதாக வருகிறது. அவர் அப்படியே பேசினாரா என்பது வேறு கேள்வி. சொல்லுக்கும் இரத்தத்துக்கும் இருந்த உறவை அந்தத் தலைமுறை எப்படி உணர்ந்தது என்பதற்கு அது சாட்சி. இந்த மனிதரின் பாடல்களோடும் ஆவணங்களோடும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்தான் பின்னாளில் வார்சாவில் தலையங்கம் எழுதினார்.

இந்த இடத்தில் கவனமுள்ள வாசகர் என்னைத் தடுத்து நிறுத்தலாம். ஆய்வாளர் எடுத்துக்கொண்ட பொருளை வைத்து அவருடைய வாழ்க்கைக்கு விளக்கம் சொல்வது, பாடல் வரியை வைத்துக் காதல் கதை நூற்ற ராசோ ஆசிரியர்கள் செய்ததேதான் அல்லவா? ஃபோல்கெயைப் படித்ததால் ஃபோல்கெயைப் போல ஆனார் என்று நான் சொன்னால், ஸ்த்ரோன்ஸ்கியே அதைக் கிழித்துப் போட்டிருப்பார். அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஆகவே அப்படிச் சொல்லவில்லை. அவருடைய மனத்துக்குள் எது எதோடு சேர்ந்தது என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. நான் ஒப்பிடுவது வெளியே கிடக்கும் இரண்டு பொருள்களை: ஆய்வு மேசையில் ஒரு கூற்றை ஏற்பதற்கு அவர் கேட்ட சான்று ஒன்று, அச்சுக்கூடத்தில் ஒரு கூற்றை வெளியிடுவதற்கு அவருக்குப் போதுமாக இருந்த சான்று இன்னொன்று. இரண்டும் அச்சில் இருக்கின்றன. இரண்டுக்கும் தேதி இருக்கிறது. இந்த ஒப்பீட்டிலிருந்து கிடைப்பது ஒரே முடிவு. பரபரப்பான ஒரு சொல் கைவிட்டுப் போனபின் என்ன ஆகும் என்பது தமக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை மற்றப் பத்திரிகையாளர்களுக்கு இருந்திருக்கலாம், ஸ்த்ரோன்ஸ்கிக்கு இல்லை.

முதல் தலைப்பை எடுத்துக்கொள்வோம். 1920 கோடையில் செஞ்சேனைத் தளபதி துகாசெவ்ஸ்கியின் படைகள் போலந்துச் சேனையை வாரக்கணக்காக மேற்கே துரத்திக்கொண்டு வந்தன. ஆகஸ்ட் நடுவில் சண்டை வார்சாவின் புறநகர்களை எட்டியது. பியானோக் கலைஞரும் முன்னாள் பிரதமருமான பாதெரெவ்ஸ்கி அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்த ‘ஷெச்போஸ்போலிதா’வில், ஆகஸ்ட் 14ஆம் தேதி, விஸ்துலாவின் அற்புதத்தை வேண்டி ஸ்த்ரோன்ஸ்கி எழுதினார். 1914இல் பாரிஸை நெருங்கிய ஜெர்மானியரை மார்ன் நதிக்கரையில் பிரெஞ்சுப் படை திருப்பியடித்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் மார்ன் அற்புதம் என்றார்கள். அதைப் போன்றதொன்று நமக்கும் வேண்டும் என்பதே அந்த எழுத்தின் உயிர். வெற்றிக்கு முன்னால் எழுதப்பட்டது அது. வார்சாவுக்குத் தெற்கே வியெப்ஷ் ஆற்றங்கரையிலிருந்து போலந்துப் படைத்தலைவர் பில்சுட்ஸ்கியின் எதிர்த்தாக்குதல் கிளம்பியதே ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். தலைநகரம் விழுமோ என்று நடுங்கிய மக்களுக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் கொடுத்த நம்பிக்கைச் சொல் என்ற அளவில், அதில் குறைகாண எதுவும் இல்லை. எழுதிய அன்று அது யாரையும் சிறுமைப்படுத்தவில்லை, யாருடைய பெருமையையும் பறிக்கவில்லை.

வெற்றி வந்தபின் அந்தச் சொல் ஆசிரியரின் கையைவிட்டுப் போனது. போர் திரும்பிய நாள் மரியன்னை விண்ணேற்றத் திருநாளான ஆகஸ்ட் 15ஐ ஒட்டி அமைந்ததால், பக்தர்களுக்கு அது உண்மையான அற்புதமாகவே ஆயிற்று. ஓசூவ் சண்டையில் ஆகஸ்ட் 14 அன்று இறந்த இளம் பாதிரியார் ஸ்கொருப்கா, கையில் சிலுவையோடு படையை நடத்திச் செல்வதாக ஓவியங்கள் எழுந்தன. பில்சுட்ஸ்கியை வெறுத்த அரசியல்வாதிகளுக்கோ அது வேறு வகையில் பயன்பட்டது: அற்புதம் என்றால் தளபதிக்குப் பெருமை இல்லை. திட்டம் போலந்துத் தளபதி ரோஸ்வடோவ்ஸ்கியினுடையதா, பிரெஞ்சுத் தளபதி வேகாந்தினுடையதா, பில்சுட்ஸ்கியினுடையதா என்ற சச்சரவு பல்லாண்டுகள் நடந்தது. உண்மையில் வெற்றிக்குக் காரணங்கள் பல. எதிர்த்தாக்குதல் திட்டமும் அதை நிறைவேற்றிய துணிவும் ஒன்று. சோவியத் தென்மேற்கு முனையின் படைகள் ல்வூவைக் குறிவைத்துப் போனதால் துகாசெவ்ஸ்கியின் இடப்பக்கம் காலியாகக் கிடந்தது இன்னொன்று. யான் கொவலெவ்ஸ்கியின் தலைமையில் போலந்து உளவுத்துறை சோவியத் வானொலிச் செய்திகளின் குறிமுறைகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது மூன்றாவது. கணித மேதை சியெர்பின்ஸ்கி போன்ற பேராசிரியர்கள் அந்த வேலையில் பங்கெடுத்தார்கள். இந்தக் கடைசிச் செய்தி முழு அளவில் ஆவணங்களோடு வெளிவந்தது இருபத்தொன்றாம் நூற்றாண்டில்தான். அறிவும் உழைப்பும் கொண்டுவந்த வெற்றியின்மேல் அற்புதம் என்ற ஒற்றைச் சொல் எண்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. பாடலில் வந்த ஒரு பெயர் கதையாகப் பெருகி ஆவணத்தை மூடிவிடும் அதே நிகழ்வு, இம்முறை அதைக் கண்டுபிடித்தவரின் சொந்தச் சொல்லுக்கே நேர்ந்தது. இந்த முதல் வழக்கில் அவர்மேல் குற்றம் சுமத்த நான் தயாராக இல்லை. ஆனால் ஒரு தலைப்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை 1920க்குப் பிறகு அவர் நூல்களிலிருந்து மட்டுமல்ல, தம் கண்ணாலும் பார்த்துவிட்டார்.

இரண்டாவது வழக்கு வேறு மாதிரியானது. போலந்தின் 1921 மார்ச் அரசியல் சட்டத்தை வடித்த குழுவின் தலைவர் எட்வர்ட் டுபனோவிச். ஸ்த்ரோன்ஸ்கியின் அரசியல் அணியைச் சேர்ந்தவர். பில்சுட்ஸ்கி குடியரசுத் தலைவராகிவிடுவார் என்ற அச்சத்தில் அந்தப் பதவியின் அதிகாரத்தைச் சுருக்கியவர்கள் வலதுசாரிகளே. குடியரசுத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடிய தேசியப் பேரவை பெரும்பான்மை வாக்கால் தேர்ந்தெடுக்கும் என்பது அந்தச் சட்டம். 444 கீழவை உறுப்பினர், 111 மேலவை உறுப்பினர். போலிஷ்காரர் வாக்கு, யூதர் வாக்கு, உக்ரேனியர் வாக்கு என்று அதில் எந்த வேறுபாடும் இல்லை. 1922 டிசம்பர் 9 அன்று இந்தப் பேரவை கூடியது. பில்சுட்ஸ்கி போட்டியிட மறுத்துவிட்டார். வலதுசாரிகள் நிறுத்தியவர் மவுரிட்சி ஸமோய்ஸ்கி, நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார். நிலச் சீர்திருத்தத்துக்காக வாக்கு வாங்கி வந்த விவசாயக் கட்சியினர் அவருக்கு எப்படி வாக்களிப்பார்கள் என்று கேட்க ஆளில்லாமல் போனது வலதுசாரிகளின் சொந்தத் தவறு. முதல் சுற்றில் 62 வாக்கு மட்டுமே பெற்ற கபிரியேல் நாருடோவிச், ஐந்தாம் சுற்றில் ஸமோய்ஸ்கியின் 227க்கு எதிராக 289 வாக்குப் பெற்று வென்றார். சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நீர்மின் பொறியாளர் அவர். அந்த ஆண்டு வெளியுறவு அமைச்சர். அவருக்கு விழுந்த வாக்குகளில் பெரும்பகுதி போலிஷ் இடதுசாரி, விவசாயக் கட்சிகளுடையது. தேசிய சிறுபான்மையினரின் வாக்குகளும் அதில் சேர்ந்திருந்தன.

அன்று மாலையே வார்சாவின் தெருக்கள் கொதித்தன. போலிஷ்காரர்களின் பெரும்பான்மை ஸமோய்ஸ்கி பக்கம் இருக்க, யூதர்களின் வாக்கால் வந்தவர் எப்படி நம் தலைவர் என்பது வலதுசாரிப் பத்திரிகைகளின் ஒரே பல்லவி. டிசம்பர் 11ஆம் தேதி, பதவியேற்பு நாளில், கும்பல் நாடாளுமன்றத்துக்குச் செல்லும் வழிகளை மறித்தது, உறுப்பினர்களை அடித்தது, குடியரசுத் தலைவரின் வண்டிமேல் பனிக்கட்டிகளை வீசியது. மூன்று சிலுவைச் சதுக்கத்தில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இந்த நாள்களில்தான் ஸ்த்ரோன்ஸ்கியின் ‘தடை’ வெளிவந்தது. முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவிப் பிரமாணமும் எடுத்துக்கொண்ட ஒரு மனிதருக்கு அது வைத்த பெயர் தடை. தடை என்று ஒன்றைச் சொன்னபின் அதை என்ன செய்வது என்பது வாசகர் தாமாக முடிக்கும் வாக்கியம். டிசம்பர் 16 அன்று ஸஹெந்தா கலைக்கூடத்தில் ஓவியக் கண்காட்சியைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த நாருடோவிச்சை எலிகியூஷ் நியெவியாடோம்ஸ்கி சுட்டுக் கொன்றார். சுட்டவர் ஓவியர், கலை விமர்சகர். நாருடோவிச் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழாம் நாள், பதவியேற்ற ஐந்தாம் நாள் அது.

ஸ்த்ரோன்ஸ்கியின் தரப்பில் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மெலிதாக்கிக் காட்ட விரும்பவில்லை. நியெவியாடோம்ஸ்கி தனியாகச் செயல்பட்டதாகவே நீதிமன்றத்தில் சொன்னார். முதலில் பில்சுட்ஸ்கியையே கொல்ல எண்ணியிருந்ததாகவும் சொன்னார். அதாவது கொலைவெறி நாருடோவிச் தேர்வுக்கு முன்பே அவருக்குள் இருந்தது. பத்திரிகைக் கட்டுரை அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது என்பதற்கு ஆவணம் இல்லை. ஸ்த்ரோன்ஸ்கியின் சொந்த அளவுகோலின்படியே, கட்டுரையிலிருந்து குண்டுக்கு நேர்க்கோடு போடுகிறவர் கதை நூற்கிறவர்தான். இதை முழுவதுமாக ஏற்கிறேன். கொலைக்கு அவர் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்மேல் உள்ள வழக்கு அதுவல்ல. தம் அணி வடித்த சட்டத்தின்படி, அந்தச் சட்டம் வகுத்த முறையில், ஐந்து சுற்று எண்ணிக்கைக்குப் பின் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இது ஆவணம். இந்த ஆவணத்தின்மேல், உண்மையான பெரும்பான்மை வேறு, இவர் வேறொருவர் வைத்துவிட்டுப் போன இடையூறு என்றொரு கதை ஏற்றப்பட்டது. சாசனத்தில் இல்லாத சீமாட்டியைப் பாடலுக்குள் கொண்டுவந்த ராசோ ஆசிரியருக்கு 1914இல் அவர் கொடுத்த தீர்ப்பு நமக்குத் தெரியும். சட்டத்தில் இல்லாத ஓர் இனப் பெரும்பான்மையை வாக்கெண்ணிக்கைக்குள் கொண்டுவந்த பத்திரிகை ஆசிரியருக்கும் அதே தீர்ப்புத்தான் பொருந்தும். பின்னது உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் சுற்றி, கும்பல் தெருவில் நிற்கும்போது எழுதப்பட்டது என்ற ஒரே வேறுபாட்டோடு.

எல்லாத் தரப்புப் பத்திரிகைகளும் அன்று கடுமையாகத்தான் எழுதின, அந்தக் காலமே அப்படி என்பது இன்னொரு மறுப்பு. பேராசிரியராக இருந்தவர் அரசியலுக்கு வந்தால் அரசியலின் மொழியைத்தானே பேசுவார், ஆய்வின் நிதானத்தை அங்கே எதிர்பார்ப்பது பேதைமை என்றும் சொல்வார்கள். இதற்கு அதே தேர்தலிலேயே பதில் இருக்கிறது. சிறுபான்மையினரின் வேட்பாளராக முதல் சுற்றில் 103 வாக்குப் பெற்றவர் யான் போதுவென் த கூர்தனே, நவீன ஒலியனியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். அவரும் மொழி அறிஞர்தான், அவரும் மேடையிலும் பத்திரிகையிலும் சண்டைபோட்டவர்தான். சிறுபான்மையினருக்காக எழுதியதால் ஜார் ஆட்சியில் சிறைக்கும் போனவர். எந்த மொழிக்காரரானாலும் குடிமகன் குடிமகனே என்ற நிலையிலிருந்து அவர் அசையவில்லை. அறிஞர் அரசியலுக்குள் வரும்போது தம் அறிவின் ஒழுங்கை வாசலில் கழற்றி வைக்கத்தான் வேண்டும் என்ற விதி எதுவும் அன்றைய போலந்தில் இல்லை. பேராசிரியர்கள் நிறைந்த அரசியல் அது. நாருடோவிச்சும் பேராசிரியர், பின்னாளில் குடியரசுத் தலைவரான மொஸ்சித்ஸ்கியும் பேராசிரியர், பலமுறை பிரதமரான பார்தலும் பேராசிரியர். ஸ்த்ரோன்ஸ்கி செய்தது காலத்தின் கட்டாயம் அன்று, அவருடைய தேர்வு.

மூன்றாவது தலைப்பு, என் மதிப்பீட்டில், மூன்றிலும் அதிகம் யோசிக்க வேண்டியது. சவப்பெட்டியின் அருகே குரலைத் தாழ்த்தச் சொல்வது மேலோட்டமாகப் பார்த்தால் பண்பான வேண்டுகோள். உள்நாட்டுச் சண்டை மூளக்கூடும் என்ற அச்சம் அந்த டிசம்பரில் பொய்யான அச்சமும் அன்று. பழிக்குப்பழி வாங்கப் புறப்பட்டவர்கள் இருந்தார்கள். அமைதி வேண்டும் என்று எழுதியது ஒரு தேவையை நிறைவேற்றியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே வேண்டுகோள் இன்னொரு காரியத்தையும் செய்தது. முந்தைய வாரம் யார் என்ன எழுதினார்கள் என்ற கேள்வியை அது துக்கத்துக்கு இழைக்கும் அவமரியாதையாக மாற்றிவிட்டது. உரத்துப் பேசியவர்களே இப்போது மௌனத்தின் நெறியை வகுத்தார்கள். இடதுசாரிகள் அன்று அதை அப்படித்தான் படித்தார்கள், அது தவறான வாசிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. 1923 ஜனவரி 31 அன்று நியெவியாடோம்ஸ்கியின் மரண தண்டனை துப்பாக்கியால் சுட்டு நிறைவேற்றப்பட்டது. விரைவிலேயே வலதுசாரி வட்டங்களில் அவர் தியாகியாகப் போற்றப்பட்டார். கொலையுண்டவரின் அருகே தாழ்ந்த குரல் கொலைகாரரின் கல்லறையருகே தாழவில்லை. அந்த ஆண்டு மே மாதம் வலதுசாரிகளும் விவசாயக் கட்சியின் ஒரு பகுதியும் சேர்ந்து ஆட்சியமைத்தபோது பில்சுட்ஸ்கி இராணுவப் பொறுப்புகளிலிருந்து விலகினார்; ஜூலை 3ஆம் தேதி பிரிஸ்டல் ஓட்டலில் ஆற்றிய உரையில், குடியரசுத் தலைவரின் சாவுக்கு அந்த அணியையே நேராகச் சாடினார். பேசி முடிக்கப்படாத கணக்கு அங்கேயே தங்கிவிட்டது. 1926 மே மாதம் அவர் படையோடு வார்சாவுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு; ஆனால் நாடாளுமன்ற முறையையே அருவருப்போடு பேசும் அவருடைய மொழி 1922 டிசம்பரில் இருந்து வளர்ந்தது.

இதற்குப் பிறகு ஸ்த்ரோன்ஸ்கியின் நிலை தலைகீழாயிற்று. 1924இல் ‘ஷெச்போஸ்போலிதா’வை விட்டு ‘வர்ஷவியான்கா’ என்ற இதழை நடத்தத் தொடங்கியிருந்தார். லூப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பணியாற்றினார். ஆட்சியில் இருந்த பில்சுட்ஸ்கி அணிக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் என்ற முறையில், இப்போது சட்டத்தின் நிழல் அவருக்குத்தான் தேவைப்பட்டது. 1934 ஜனவரி 26 அன்று நாடாளுமன்றத்தில் நடந்தது அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த தருணம் என்று சொல்வேன். அரசியல் சட்டத்தைத் திருத்தும் முன்மொழிவைப் பதினைந்து நாள் முன்னரே அறிவிக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது 1921 சட்டம். ஆளும் அணி அன்று விவாதத்துக்கு வைத்தது வெறும் கருத்துரைகளை மட்டுமே. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்தன. அவை காலியாக இருப்பதைக் கண்ட ஸ்தானிஸ்வாவ் ட்சார் முன்னின்ற அந்த ஆளும் அணி, அந்தக் கருத்துரைகளையே அங்கேயே சட்ட முன்வரைவாக அறிவித்து நிறைவேற்றிக்கொண்டது. எதிர்க்கட்சிகளின் சார்பில் அவையில் எஞ்சியிருந்த ஸ்த்ரோன்ஸ்கி எழுந்து, இது விதிமுறைக்கு விரோதம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார். கேட்க ஆளில்லை. மேலவை செய்த திருத்தங்களைக் கீழவை 1935 மார்ச்சில் ஏற்றபோதும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லை. ஏப்ரல் 23 அன்று அந்தச் சட்டம் கையொப்பமாயிற்று. போலந்தின் சட்ட வரலாற்றாளர்கள் அதன் முறைகேட்டை இன்றுவரை விவாதிக்கிறார்கள்; அந்த விவாதத்தின் முதல் குரல் ஸ்த்ரோன்ஸ்கியுடையது.

1934ஐ வைத்து 1922ஐக் கழித்துவிடலாம் என்று அவருடைய அன்பர்கள் நினைப்பதுண்டு. என் கண்ணுக்கு 1934 அவருடைய பழைய குற்றத்தை இன்னும் தெளிவாக்குகிறது. முறை என்றால் என்ன, வாக்கெண்ணிக்கை என்றால் என்ன, சட்டத்தில் எழுதியிருப்பதற்கும் வலிமையுள்ளவன் விரும்புவதற்கும் இடையே உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு நுணுக்கமாகத் தெரியும் என்பதை அந்த நாள் நிரூபிக்கிறது. தெரிந்தவர், பன்னிரண்டு ஆண்டுக்கு முன் எதிரணிக்காரர் சட்டப்படி வென்றபோது, அதே கோட்டை அழித்துவிட்டு எழுதினார். தேர்ந்தெடுக்கப்பட்டவரை ஏற்க மறுக்கும் அரசியலை வலதுசாரிகள் 1922இல் தெருவில் பழக்கினார்கள். 1926இல் பில்சுட்ஸ்கி அதைப் பீரங்கியோடு செய்தார். 1934இல் அவருடைய ஆட்கள் காலியான அவையில் செய்தார்கள். மூன்றும் அளவில் சமம் அல்ல. ஆனால் முதலாவதைச் செய்தவருக்கு மூன்றாவதைக் கண்டிக்கும் உரிமை இருந்தது, வலு குறைந்திருந்தது.

1939 செப்டம்பரில் நாடு வீழ்ந்தபோது, பாரிஸில் அமைந்த புலம்பெயர் அரசுக்குத் தலைமை ஏற்றவர் ஜெனரல் சிகோர்ஸ்கி. நாருடோவிச் கொலையான அன்று நாட்டில் ஒழுங்கை நிலைநிறுத்தப் பிரதமராக அழைக்கப்பட்டவரும் அவரே. அவருடைய அமைச்சரவையில் ஸ்த்ரோன்ஸ்கி துணைப் பிரதமராகவும், 1943 வரை தகவல் அமைச்சராகவும் இருந்தார். சோஷலிசக் கட்சியும் விவசாயக் கட்சியும் அதே அரசில் பங்கேற்றன. 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய உரையொன்று நூலாக வெளிவந்தது: துருபதூர்கள் காலத்தில் கவிதையும் நடப்பும். தம் இளமையின் பொருளுக்கு அவர் திரும்பியிருந்தார். போருக்குப் பின் நாடு திரும்பாமல் 1955இல் லண்டனில் இறந்தார்.

அவருடைய தகவல் அமைச்சகத்தின் பெயரில் 1942இல் ஆங்கிலத்தில் ஒரு தடித்த தொகுப்பு வெளியானது. அதன் அமெரிக்கப் பதிப்புக்குப் போலந்தின் கருப்பு நூல் என்று பெயர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்களின் ஆணைகள், அறிவிப்புகள், நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்கள் ஆகியவற்றை அடுக்கி, நடந்த கொடுமைகளைச் சான்றோடு உலகத்தின்முன் வைத்த முயற்சி அது. போலந்தின் யூதர்களுக்கு இழைக்கப்பட்டவற்றுக்கு அதில் தனிப்பகுதி உண்டு. அமைச்சகத்தின் வெளியீட்டை அமைச்சரின் மனமாற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி எடுப்பதற்கு அவருடைய கையெழுத்தில் வேறு ஏதாவது வேண்டும். நூல் சொல்வதை மட்டும் சொல்லலாம். 1922 டிசம்பரில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் எண்ணிக்கையில் எவர்களுடைய வாக்கைச் சேர்க்கக் கூடாது என்று அவருடைய அணி கூச்சலிட்டதோ, அவர்களுடைய சாவும் பட்டினியும் அந்த நூலில் போலந்துக் குடிமக்கள் பட்ட துன்பமாகவே பதிவாகியிருக்கிறது.